பூட்டை உடைக்க ஆளில்லை

ஆனந்தம்மாள் சாமி கும்பிடுவதை முதல்முறை பார்க்கிறவர்கள், யாரோடோ சண்டை போடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். கோயிலில் புனிதரின் சுரூபச் சிலைக்கு முன்னால் முழங்காலில் நிற்பாள், கை கூப்பியிருக்கும், வாய் மட்டும் ஓயாது. "இன்னா சந்தியாகப்பரே, போன வாரம் கேட்டது இன்னா ஆச்சி? காதுல ஏறலியா, இல்ல ஏறியும் ஏறாத மாதிரி நிக்கிறியா?" என்று கேட்பாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் அவர் ஏறியிருக்கும் குதிரையின் மூக்கைத் துடைத்துவிட்டு, சமாதானமாகிவிட்ட மாதிரி எழுந்து போவாள். அவளுக்கும் அந்தப் புனிதருக்கும் இருந்த உறவு அப்படி.

மரக்காணத்து உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் அந்தக் குப்பம் இருந்தது. முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மிச்சப் பேர், முக்கியமாகப் பெண்கள், தை பிறந்தால் உப்பளத்துக்குக் கூடை சுமக்கப் போவார்கள். ஆனந்தம்மாளும் போவாள். வயது ஐம்பதை நெருங்கினாலும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் அவள் நடக்கிற நடைக்கு இளசுகள் ஓடித்தான் ஈடுகொடுக்க வேண்டும். அவள் புருஷன் ஏசுராஜ் அந்த ஊர்க் கோயில்பிள்ளை. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, விளக்கேற்றுவது, கோயிலைத் திறந்து பூட்டுவது கோயில்பிள்ளையின் வேலை. சுனாமிக்கு முந்தின வருஷம் ஏசுராஜ் நெஞ்சுவலியில் போய்விட்டார். கோயில் சாவி ஆனந்தம்மாளின் மடிக்கு வந்தது.

பொம்பளை கையில் கோயில் சாவியா என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். விடியற்காலையில் எழுந்து மணி அடிக்க வேறு எந்த ஆம்பளையும் முன்வராததால் முணுமுணுப்பு தானாக அடங்கிவிட்டது.

அந்தக் கோயில் சந்தியாகப்பருடையது. வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்து வாளை ஓங்கியபடி இருப்பார். குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே எதிரி ஒருவன் மல்லாந்து விழுந்து கிடப்பான். ஊரில் எல்லோரும் புனிதரின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தூசு துடைக்கிறவளுக்குத்தான் கீழே கிடப்பவனின் முகமும் தெரியும். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை மேலே தூக்கி, போதும் என்று சொல்கிற மாதிரி கிடப்பான். ஆனந்தம்மாள் துடைக்க ஆரம்பிப்பதே அவன் முகத்திலிருந்துதான்.

புனிதரின் கையிலிருந்த வாள் தனியாகக் கழன்று வரும். வெள்ளி பூசியது. திருவிழா அன்று அதைக் கழற்றிக் கழுவி, மாலை போட்டு, சப்பரத்துக்கு முன்னால் கொண்டுபோவார்கள். இது சாமியாருக்குத் தெரிந்த வழக்கம். அவருக்குத் தெரிந்தும் தடுக்க முடியாத இன்னொரு வழக்கமும் இருந்தது. அக்கம்பக்கத்துக் குப்பத்தோடு அடிதடி என்று முடிவானால், கோயிலைத் திறந்து அந்த வாளை எடுப்பார்கள். வீட்டுக்கு ஒருவன் வந்து அதைத் தொட்டு, முத்தமிட்டு, முத்தி செய்வான். தொட்டவன் பின்வாங்கக் கூடாது. வாள் திரும்பவும் புனிதர் கைக்குப் போகும்வரை சண்டையை நிறுத்தவும் கூடாது. வாளில்லாமல் சண்டைக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை என்று கிழவர்கள் பெருமை பேசுவார்கள்.

கடைசியாகச் சண்டைக்கு வாள் வெளியே வந்தபோது ஏசுராஜ்தான் அதைக் கழற்றிக் கொடுத்தார். அன்றைக்குப் பக்கத்து வேம்படிக்குப்பத்துச் சகாதேவனுக்குத் துடுப்படியில் ஒரு கண் போனது. ஏசுராஜ் யார் மேலும் கை வைக்கவில்லை, கோயில் வாசலைத் தாண்டிப் போகக்கூட இல்லை. ஆனாலும் அந்த மனுஷனை அது அரித்துக்கொண்டே இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார், முகம் தொங்கித் திரும்பி வருவார். "சொன்னியா?" என்று ஆனந்தம்மாள் கேட்பாள். "இன்னான்னு சொல்றது? நான் ஒண்ணும் செய்யலியே. சாமி வாள எடுத்துக் குடுத்தேன். அது பாவமா இருந்தா சொல்லலாம். புண்ணியமா இருந்தா விட்டுடலாம். ரெண்டுல எதுன்னே தெரிலியே" என்பார். அது தெரியாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார். ஆனந்தம்மாளோ அந்தச் சண்டைக்குப் பிறகு பல வருஷம் சகாதேவனோடு ஒரே உப்பளத்தில் வேலை செய்தாள். அவன் ஒற்றைக் கண்ணால் உப்பு வாருவான், அவள் சுமப்பாள். அக்கா, தம்பி என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

இரண்டாயிரத்து ஆறில், தவக்காலம் முடியப் போகிற நேரத்தில் வினை வந்தது.

சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்து குவிந்திருந்தன. முன்பு இரண்டு வீட்டுக்கு ஒரு கட்டுமரம் இருந்த கரையில் இப்போது படகு நிறுத்த இடமில்லை. கடல் மட்டும் அதே கடல். ஒருவன் வலை மேல் இன்னொருவன் வலை விழுவது தினப்படி சமாச்சாரமானது. ஆனந்தம்மாளின் ஒரே மகன் ஆரோக்கியராஜ் விரித்த வலையை வேம்படிக்குப்பத்துக்காரர்கள் வேண்டுமென்றே அறுத்துவிட்டார்கள். நியாயம் கேட்கப் போனவனைக் கன்னத்தில் அறைந்து அனுப்பினார்கள். அறைந்தவன் பச்சமுத்து, அந்த ஊரின் வாய்ச்சவடால்காரன். ஆரோக்கியராஜ் கல்யாண வயதுப் பையன். அறை வாங்கிய கன்னத்தோடு ஊருக்குள் நடந்து வந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். போலீசுக்குப் போவது ஊருக்கே மானக்கேடு என்பது குப்பத்துச் சட்டம். மறுநாள் காலையில் உப்பள வரப்பில் மோதிக்கொள்வது என்று இரண்டு ஊருக்கும் பேச்சாகிவிட்டது.

தவக்காலம் என்று கறி மீனைத் தொடாமல் நாக்கைக் கட்டி வைத்திருந்த ஜனம், மண்டை உடைக்க மட்டும் எந்த விலக்கும் இல்லை என்பது போல மறுநாள் விடிந்ததும் கோயில் வாசலில் வந்து கூடியது. துடுப்பு, உருட்டுக்கட்டை, சவுக்குக் கம்பு. முன்னால் ஊர்த்தலைவர் சவரிநாதன் நின்றார். ஏசுராஜுக்குப் பெரியப்பா மகன், ஆனந்தம்மாளுக்கு மாமா முறை. ஆனந்தம்மாள் மணி அடித்து முடித்து, கோயிலைப் பூட்டிவிட்டு, படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ஆனந்தா, சாவிய எடு. வாள் எடுக்கணும்."

"குடுக்க மாட்டேன் மாமா."

அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டார். "இன்னா சொல்றே?"

"குடுக்க மாட்டேன்னு சொல்றேன். சாவி என் மடியில இருக்குது. குடுக்க மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சவரிநாதன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அறை வாங்கினது ஒன் புள்ளம்மா. அறுத்தது ஒன் புள்ள வலை. ஒனக்காகத்தான் ஊரே கௌம்பி நிக்குது. நியாயம் நம்ம பக்கம் இருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"நம்ம பக்கந்தான். யாரு இல்லன்னா? என் வயிறு எரியுது மாமா, அந்தப் பச்சமுத்து கைய ஒடிக்கணும்னு எனக்கே இருக்குது."

"அப்பால இன்னா? சந்தியாகப்பரே வாளோடதான நிக்கிறாரு? சண்ட பாவம்னா அவரு கையில எதுக்கு வாளு?"

"அவரு கையில இருந்துட்டுப் போவட்டும். அவருக்குத் தெரியும் எப்ப ஓங்கணும், எப்ப நிறுத்தணும்னு. அதனாலதான் எத்தினி வருசமா ஓங்குன கைய எறக்காம நிக்கிறாரு. ஒங்க யாருக்காவது அப்புடி நிக்க முடியுமா? குதுர காலுக்குக் கீழ கெடக்குறானே, அவன் மூஞ்சிய நீங்க ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? நான் தெனமும் பாக்குறேன். இப்ப அவரே ஊதாத் துணியால மூஞ்சிய மூடிக்கினு இருக்காரு. கஷ்டம் தாங்காம மூடிக்கினு இருக்குற மனுசன் கையிலேருந்து வாளப் புடுங்கிக்கினு போவீங்களா?"

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் நெருங்கிவிட்டதால் கோயிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். அதைச் சொல்கிறாள் என்று புரிந்ததும் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சவரிநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பள பேச்சக் கேட்டு ஊரு கையக் கட்டிக்கினு நிக்கணுமா?"

ஆனந்தம்மாள் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் போவாதீங்கன்னு சொல்லல மாமா. போறதும் போவாததும் ஒங்க இஷ்டம். கோவத்துல போய் ஒருத்தன அடிச்சிடறீங்கன்னு வைங்க. அப்பால மனசு கேக்காது. சாமியாருகிட்ட மண்டி போட்டு சொல்லுவீங்க, அவரு மன்னிப்பு குடுப்பாரு. அது மனுசன் செய்யிறது. வாளத் தொட்டு முத்தி பண்ணிட்டுப் போய் அடிச்சா? அது பாவம்னே ஒங்களுக்குத் தோணாது. சாமி காரியம்னு நெனச்சிடுவீங்க. பாவம்னே தெரியாதத எந்தச் சாமியாருகிட்ட போய் சொல்லுவீங்க? என் வூட்டுக்காரரு சொல்ல முடியாமத்தான் செத்தாரு. இன்னொருத்தன் அப்புடிச் சாவறதுக்கு என் கையால சாவி குடுக்க மாட்டேன்."

விதவைப் பெண்ணின் மடியில் கை வைத்துச் சாவியைப் பிடுங்க அந்த ஊரில் ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆகவே சவரிநாதன் வேறு வழி சொன்னார்.

"பூட்ட ஒடைங்கடா!"

ஆனந்தம்மாள் மறுபேச்சுப் பேசாமல் படியை விட்டு ஒதுங்கி நின்றாள். "ஒடைங்க. நான் குறுக்க வர மாட்டேன். என்னால முடிஞ்சது குடுக்க மாட்டேங்கிறதுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். படகுப் பட்டறையிலிருந்து ஒருவன் சுத்தியல் கொண்டுவந்தான். கொண்டுவந்தவன் அதைப் பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினான். அவன், "என் பொண்ணுக்கு ஈஸ்டர் முடிஞ்சி கோயில்ல புதுநன்மைப் பூசை இருக்குதுப்பா, கோயில் பூட்டுல கை வச்சா நல்லா இருக்குமா?" என்று அடுத்தவனிடம் தள்ளினான். அடுத்தவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். அதற்கடுத்தவன் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டிருந்தான். இன்னொருவன் கை சுளுக்கு என்றான், அந்தக் கையில்தான் உருட்டுக்கட்டை இருந்தது. சுத்தியல் ஊர்வலம் போய்க் கூட்டத்தைச் சுற்றி வந்தது. அடுத்த ஊர்க்காரன் மண்டையைப் பிளக்க வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர்களில், சின்னப் பித்தளைப் பூட்டு ஒன்றை உடைக்க ஓர் ஆள் தேறவில்லை. பூட்டை உடைத்தால் சாமிக் குத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மண்டையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

"மனுசன் மண்டைய வுட பூட்டு பெருசாப் போச்சாடா ஒங்களுக்கு?" என்று ஆனந்தம்மாள் கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள். ஓரமாக நின்றிருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து பாதியில் அடங்கியது.

அப்போது ஆரோக்கியராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சுத்தியலை வாங்கினான். கன்னத்தில் அறை விழுந்த இடம் இன்னும் கன்றிப் போயிருந்தது. "என் வலைக்குத்தான சண்ட? நானே ஒடைக்கிறேன்" என்றான்.

ஊரே எதிர்த்து நின்றபோது வராத பயம் ஆனந்தம்மாளுக்கு அப்போது வந்தது. இத்தனை பேரில் உடைக்கக் கூடியவன் இவன் ஒருவன்தான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? குறுக்கே விழுந்து தடுக்கலாம். தடுக்க மாட்டேன் என்று வாயால் சொல்லியாகிவிட்டது. தன் மனசாட்சிக்கு ஒரு நியாயம், மகன் மனசாட்சிக்கு ஒரு நியாயமா? அவன் முடிவு அவனுடையது. படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சந்தியாகப்பரிடம் அந்த ஒரு முறை சண்டை போடாமல் கெஞ்சினாள்.

அவன் பூட்டுக்கு முன்னால் போய் நின்று சுத்தியலை ஓங்கினான். ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

அந்த நேரத்தில் உப்பள வரப்பு மேலே சைக்கிள் ஒன்று வந்தது. கோயில் வாசல்வரை வந்து காலை ஊன்றி நின்றவன் சகாதேவன். தலைக்குத் துண்டு கட்டியிருந்தான். கையில் கம்பு கிம்பு ஒன்றுமில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற ஒரு கண்ணால் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இன்னாப்பா, வர்றீங்களா இல்லியா? காலையிலேருந்து எங்காளுங்க வரப்புல காஞ்சிகினு கெடக்குறாங்க. உப்பு லாரி வேற வந்து நின்னுகினு இருக்குது. வர்றதா இருந்தா சட்டுனு வாங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நாங்க போய் லோடு ஏத்தணும்" என்றான். பிறகு ஆனந்தம்மாளைப் பார்த்து, "யக்கா, ஒரு சொம்பு தண்ணி குடேன்" என்றான்.

முதலில் சிரித்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. சிரிப்பு பிடித்துக்கொண்டபின் துடுப்பைத் தூக்கிப் பிடிப்பது கஷ்டம். ஒவ்வொருவராகக் கம்பைக் கீழே ஊன்றினார்கள். ஆரோக்கியராஜ் சுத்தியலை இறக்கி, கோயில் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கடல் பக்கம் போனான். ஆனந்தம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து சகாதேவனிடம் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, "சண்ட இல்லியா அப்ப?" என்று சவரிநாதனைக் கேட்டான். அவர், "பேசலாம், மொதல்ல ஒங்க தலைவர வரச் சொல்லு" என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

பேசினார்கள். வலையை அறுத்தவர்களே வந்து உட்கார்ந்து அதை முடிந்து கொடுப்பது என்று தீர்ப்பானது. பச்சமுத்துவும் வர வேண்டும் என்பதில் சவரிநாதன் விடாப்பிடியாக நின்றார். அவருக்கும் மானம் காப்பாற்ற ஏதாவது வேண்டுமே.

ஊர் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. தலைவர் கேட்டும் சாவி கொடுக்காதவளிடம் இனிமேல் சாவி இருக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். கோயில்பிள்ளை வீட்டுக்கு ஒவ்வொரு படகிலிருந்தும் வருகிற ஒரு கை மீனும் நின்றது. குருத்தோலை ஞாயிறன்று பூசைக்கு முன்னால் ஆனந்தம்மாள் தானே போய்ச் சாவியைச் சாமியாரின் மேஜை மேல் வைத்தாள். அழவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. சாமியாரும் ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாமல் வாயை மூடிக்கொண்டார். ஆனால் ஓலைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர் அவளிடம் வந்ததும் இரண்டு தரம் தெளித்தார், அதில் ஒரு தரம் நேராக முகத்தில். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. புதுக் கோயில்பிள்ளை பிலவேந்திரன் தூக்கப் பிரியன். விடியற்கால மணி வெயில் ஏறியபின் அடிக்க ஆரம்பித்தது. இரண்டே நாளில் பெண்கள் அவனை ஏச ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரிய வியாழக்கிழமை வேம்படிக்குப்பத்துக்காரர்கள் வந்து கடற்கரையில் உட்கார்ந்து வலையை முடிந்து கொடுத்தார்கள். பச்சமுத்து கடைசிவரை தலை நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்த ஆரோக்கியராஜும் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், அடுப்படியில் அம்மா எதிரே குந்தினான். அத்தனை நாளாக அவன் அவளோடும் சரியாகப் பேசியிருக்கவில்லை. தன்னால்தான் ஊருக்கு முன்னால் அவன் தலைகுனிந்தான் என்று கோபமாக இருக்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"சகாதேவன் மாமா வந்ததாலதான் நான் பூட்ட ஒடைக்கலன்னு ஊர்ல பேசிக்கிறாங்கம்மா" என்றான்.

"பின்ன?"

"அவரு வர்றதுக்கு முந்தியே ஓங்குன கை எறங்கல. பயந்துட்டேன்."

"சாமிக்கா?"

"இல்லம்மா."

"அந்தப் பச்சமுத்துப் பயலுக்கா?"

"அவனுக்கு எவன் பயப்படுவான்? எனக்கு என்னப் பாத்துத்தான் பயம். நீ சொன்னது காதுல கேட்டுகினே இருந்துது. வாள் கைக்கு வந்திருந்தா அவனக் கண்டிப்பா அடிச்சிருப்பேன். செத்தாலும் செத்திருப்பான். அடிச்சிட்டு வூட்டுக்கு வந்து, சாப்புட்டு, நல்லாத் தூங்கியும் இருப்பேம்மா."

ஆனந்தம்மாள் கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்தாள். மகனின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏசுராஜ் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகை அழுதாள். தகப்பனுக்குத் தெரியாமலேயே போனது மகனுக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில்தான் அழுதாள்.